நார்மல் என்று சொன்ன எடை

மெலிந்துபோன ஆளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. "என்ன டீச்சர், இப்படி மெலிஞ்சு போயிட்டீக? சுகர் பாத்தீகளா?" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கேட்பார். முகம் தெரிந்தவர் என்பதற்கு மேல் எனக்கும் அவருக்கும் பழக்கம் கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, எப்படி இவ்வளவு ஸ்லிம் ஆனீக? அந்த டயட்டை எனக்கும் சொல்லுங்க" என்றாள். பிரியமாகத்தான் கேட்டாள். அன்று காலையிலிருந்து நான் குடித்திருந்தது கொஞ்சம் மோர். பந்தியில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்குமே என்ற பயத்தில் சாப்பிடாமலே நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குக் கிரோன் நோய். குடல் சுவர் அழன்று, புண்ணாகி, தடித்துப்போகிற நோய் இது. 1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் கிரோன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்கள் இருவரும் இதை விவரித்து எழுதினார்கள். அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. வாய் தொடங்கி ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். எனக்கு வந்தது, பலருக்கும் வருவதுபோல, சிறுகுடலின் கடைசிப் பகுதியில், வலது அடிவயிற்றில். ஆயுசுக்கும் கூடவே இருக்கும், ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம். வலி பழகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பதும் பழகிவிட்டது. எடையைப் பற்றிய கவலை மட்டும் வெகுகாலம் பழகவே இல்லை. வயிற்று நோயோடு வாழ்கிற பலருக்கும் அப்படித்தான் என்று மருத்துவமனைப் பெஞ்சுகளில் பேசிப் பேசித் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

பி.எம்.ஐ. என்பது எளிய வகுத்தல். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. 18.5-க்குக் கீழே போனால் எடை குறைவு, 18.5 முதல் 25 வரை சரியான எடை, 25-க்கு மேல் கூடுதல், 30-க்கு மேல் உடல் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வரையறை. ஆசியர்களுக்கு 23-ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்று 2004-ல் அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது.

என் உயரம் 155 சென்டிமீட்டர். நன்றாக இருந்த காலத்தில் 52 கிலோ. பி.எம்.ஐ. 21.6. வயிற்றுப்போக்கும் வலியும் தொடங்கி ஆறு மாதத்துக்குள் 47 கிலோவுக்கு வந்தேன். பி.எம்.ஐ. 19.6. அப்போது பார்த்த ஒரு மருத்துவமனையில் சீட்டின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதி, "வெயிட் நார்மல்தான்மா, கேஸ் ட்ரபுள்தான்" என்று அசிடிட்டி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து கழிப்பறைக்கு ஓடுகிறேன் என்று சொன்னேன். அது சீட்டில் ஏறவில்லை.

52-ல் 5 போனால் 9.6 சதவீதம். உடம்பில் பத்தில் ஒரு பங்கு, நான் கேட்காமலே போயிருக்கிறது. பல நாட்டு ஊட்டச்சத்து மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட அளவுகோலின்படி, முயற்சி செய்யாமலே ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கி, கூடவே அழற்சி நோயோ, சாப்பாடு குறைந்ததோ, சத்து குடலில் ஏறாததோ இருந்தால், அது ஊட்டச்சத்துக் குறைபாடு. பி.எம்.ஐ. 19 ஆனாலும் சரி, 29 ஆனாலும் சரி. அந்த எண் நான் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று சொல்கிறது. எங்கிருந்து, எவ்வளவு வேகத்தில் இறங்கி வந்தேன் என்று சொல்வதில்லை. வயிற்று நோயில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வேகத்தைத்தான்.

குண்டானவர்களுக்கு இதைவிட அநியாயம் நடக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவருக்குப் பெருங்குடல் புண் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். 160 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ இருந்தார். ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்த மாதங்களில் 70-க்கு வந்தார். பத்து சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. பி.எம்.ஐ. 30-லிருந்து 27-க்கு வந்திருந்ததால் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கைகொடுத்துப் பாராட்டினார்கள். "வாக்கிங் போறீகளா சார்?" என்று கேட்டார்கள். ரத்தசோகையில் மாடிப்படி ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளில்தான் அவர் மருத்துவரிடம் போனார்.

இந்த எண்ணை உண்டாக்கியவர் மருத்துவரே அல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே, 1796-ல் பிறந்தவர், வானியலும் கணிதமும் படித்தவர். ஒரு மக்கள் கூட்டத்தின் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர். வளர்ந்த மனிதர்களில் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று 1830-களில் கண்டார். தனி மனிதனின் நோயைக் கண்டுபிடிக்க அவர் அதை வைத்திருக்கவில்லை. 1972-ல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் அந்த விகிதத்துக்கு இன்று நாம் சொல்லும் பெயரை வைத்தார். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை வைத்து ஆராய்ந்தார். எல்லோரும் ஆண்கள், உடல்நலத்தோடு இருந்தவர்கள்.

அதே கீஸ் அதற்கு முன்பே செய்த இன்னொரு வேலை உண்டு. அதைப் படித்தபோது என்னை யாரோ பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயம், 1944-45-ல், பட்டினி கிடந்த ஐரோப்பியர்களை மீட்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். எடையில் கால் பங்கு போயிற்று. போனது எடை மட்டுமல்ல. எப்போதும் குளிரெடுத்தது. எதிலும் நாட்டமில்லை, சட்டென்று கோபம். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் நல்ல திடகாத்திரமான, மனத்திடமுள்ள ஆட்கள்.

சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் ஃபேனை அணைக்கச் சொன்னவள் நான். வகுப்பில் சின்னத் தப்புக்குப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். ராத்திரி தூக்கம் வராமல் அம்மா வைக்கும் சாளைக் குழம்பை நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். 'கவலைப்பட்டுக் கவலைப்பட்டுத்தான் இளைக்கிறாய்' என்று வீட்டில் சொன்னார்கள். உணவு குறைந்ததால்தான் அந்த மனநிலை வந்தது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. வயிற்று நோய்க்காரர்களை 'டென்ஷன் பார்ட்டி' என்று ஒதுக்கும் யாரும் அந்த 36 பேரைப் பற்றி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, எடை ஏன் இறங்குகிறது? 'சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை' என்பார்கள். அது காரணத்தில் ஒரு பகுதிதான். முதல் காரணம், நாமே சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறோம். 45 நிமிஷ பீரியடில் கழிப்பறைக்குப் போக முடியாது. ஆகவே காலையில் சாப்பிடுவதில்லை. மத்தியானம் சாப்பிட்டால் கடைசிப் பீரியடில் வயிறு புரட்டும். ஆகவே ரெண்டு வாய். என்ன சாப்பிட்டாலும் வலிக்கிறது என்பதால் ஒவ்வொரு பொருளாக விலக்கிக்கொண்டே வருவோம். பால் போனது, பருப்பு போனது, கீரை போனது, மீன் போனது. கடைசியில் இட்லியும் ரசம் சாதமும் தயிர் சாதமுமே மிஞ்சின.

இரண்டாவது, புண்ணான குடல் சத்தை உறிஞ்சுவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் வைட்டமின் பி12-ஐ எடுத்துக்கொள்ளும் இடம். அங்கே நோய் இருந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் பி12 குறையலாம், பாதம் மரத்துப்போகலாம். அப்போது பெரும்பாலும் ஊசிதான் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பலருக்கும் தெரியாதது, அழற்சியே உடம்பைத் தின்கிறது. நோயுற்ற விலங்குகள் ஏன் இப்படி உருகிப்போகின்றன என்று தேடிய அமெரிக்க ஆய்வாளர்கள் ரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டு அதற்குக் 'கேக்கெக்டின்' என்று பெயர் வைத்தார்கள். டி.என்.எஃப். என்று வேறு வகையில் அறியப்பட்டிருந்த பொருளும் இதுவும் ஒன்றுதான் என்று 1985-ல் தெரிந்தது. பசியை அடக்குவதிலும் தசையைக் கரைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. கிரோன் நோய்க்கு இன்று கொடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஊசிகள் அந்த டி.என்.எஃப்.-ஐத்தான் தடுக்கின்றன. நோய் அடங்காமல் சத்துமாவையும் நெய்யையும் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் எடை ஏன் ஏறுவதில்லை என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

எனக்கு நோய் இன்னதென்று தெரியவே காலமாயிற்று. அதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. நம் நாட்டில் சிறுகுடலின் கடைசியில் புண் என்றால் முதலில் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். குடல் காசநோயும் கிரோன் நோயும் கொலோனோஸ்கோப்பியில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். சதை எடுத்துச் சோதித்தாலும் பல சமயம் பிரித்துச் சொல்ல முடியாது. காசநோயாக இருந்து, தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் அது உடம்பு முழுக்கப் பரவும். அதனால் முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். எனக்கும் கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்தார். காசநோயாக இருந்தால் அந்த மருந்தில் புண் ஆறி, எடையும் ஏறத் தொடங்கும். எனக்கு ஏறவில்லை. மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்து, புண் ஆறாததைப் பார்த்த பிறகுதான் கிரோன் என்று உறுதி செய்தார்கள்.

அப்போது என் எடை 44.2 கிலோ. பி.எம்.ஐ. 18.4. ஒருவழியாக 'எடை குறைவு' என்று எழுதினார்கள். இந்த எல்லைக்கோட்டை வகுப்பில் கரும்பலகையில் போடுவதுபோல் வீட்டில் போட்டுப் பார்த்தேன். 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு 18.5 என்ற கோடு 44.45 கிலோவில் விழுகிறது. அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு எடை மெஷினில் ஏறினால் 44.7 ஆகிவிடும், பி.எம்.ஐ. 18.6, நார்மல். உயரத்தை 153 என்று தப்பாக அளந்தால் தண்ணீரே வேண்டாம், 18.9 வந்துவிடும். வயிற்றுப்போக்கு அதிகமான நாளில் ஒரு கிலோ குறைவதும், உப்புக்கரைசல் குடித்ததும் அது திரும்புவதும் சாதாரணம். அது தண்ணீர். அதை வைத்து அழவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.

ஸ்டீராய்டு தொடங்கியதும் கதை மாறியது. பிரெட்னிசலோன் பசியைக் கிளப்பும்; உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும்; முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். வலி நின்றது. எடை மளமளவென்று ஏறியது. கன்னம் உப்பி, முகம் வட்டமானது. "இப்பதான் டீச்சர் களையா இருக்கீக" என்றார்கள், சுகரைப் பற்றிக் கேட்ட அதே அம்மா உட்பட. பி.எம்.ஐ. அழகாக 21-ல் நின்றது.

அந்த நாட்களில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாவது மாடி வகுப்புக்கு ஏறும்போது தொடை நடுங்கியது. ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைக்கிறது, எலும்பின் சுண்ணாம்பையும் இறக்குகிறது. எடை மெஷினுக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான், தேங்கிய நீரும் ஒன்றுதான். ஏறிய எடையில் எதுவும் எனக்குப் பலமாக வரவில்லை. மருந்து அவசியம், அதை நானாக நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். நான் சொல்ல வந்தது, அந்த 21 என்ற எண்ணை நம்பி நிம்மதி அடைய எதுவும் இல்லை என்பதைத்தான்.

பி.எம்.ஐ. ஒன்றாக இருந்தாலும் உடம்பு ஒன்றல்ல என்பதற்கு மருத்துவ உலகில் பெயர்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லியாக இருந்துகொண்டே தசை குறைந்து கொழுப்பு கூடிய உடல்வாகு நம்மவர்களிடம் அதிகம். நோய் வருவதற்கு முன்பே தசை குறைவாக உள்ளவர்களுக்கு, நோய் வந்து கரைக்கும்போது கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பிறகு ஒரு நல்ல உணவு ஆலோசகரிடம் போனேன். அவர் என்னை மெஷினில் ஏற்றுவதற்கு முன் கையில் ஒரு பிடிமானியைக் கொடுத்து முழுப் பலத்தோடு அழுத்தச் சொன்னார். ஆசியப் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே, ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே வந்தால் தசைப் பலம் குறைவு. அடுத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலை இஞ்ச் டேப்பால் அளந்தார். கணுக்காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தார். நீர் தேங்கியிருந்தால் எடை பொய் சொல்லும். அதற்குப் பிறகுதான் எடை. இத்தனை வருட வைத்தியத்தில் என் உடம்பின் பலத்தை ஒருவர் அளந்தது அன்றுதான்.

நான் சாப்பிடுவதை வேளை வேளையாக எழுதிவரச் சொல்லியிருந்தார். நோய் தீவிரமாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். கிரோன் என்று உறுதியானபோது இருந்த 44 கிலோவுக்குக் கணக்கிட்டால் 53 முதல் 66 கிராம். மூன்று இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் என்ற என் நாளில் அது இருபதை ஒட்டித்தான் வந்தது. ஒத்துக்கொள்ளாது என்று நான் ஒதுக்கியவற்றில் பலவும், நோய் கொதித்த நாளில் சாப்பிட்டதால் பழி சுமந்தவை என்றார். ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, நல்ல நாளில் திரும்பச் சேர்க்கச் சொன்னார். முதலில் முட்டை வெள்ளை, பிறகு முள்ளில்லாத மீன், பிறகு நன்றாகக் குழைத்த பாசிப்பருப்பு. பால் இன்னும் சேரவில்லை, தயிர் சேர்கிறது. ஒரே நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடாமல் ஆறு வேளையாகப் பிரித்தேன். நீண்ட நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று அதிகம் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவர் எச்சரித்தது வீட்டில் எல்லோரும் அறிய வேண்டிய விஷயம். 'நல்லா அள்ளிப் போட்டுச் சாப்பிடு' என்று வற்புறுத்துகிறவர்கள் நம் வீடுகளில் அதிகம்.

எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எடை கூட அதைச் சாப்பிடச் சொல்லாத ஆளில்லை. என் குடலில் சுருக்கம் இருக்கும் இடத்தில் கடலையும் நார்க்காயும் போய் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். அடுத்தவருக்குச் சத்தானது எனக்கு ஆபத்து. எடை கூட்டும் வழிகளை இலவசமாகச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை, ஒரே மெஷினில், காலையில் கழிப்பறை போய்வந்து வெறும் வயிற்றோடு எடை பார்க்கிறேன். நோட்டில் எழுதுகிறேன். பக்கத்தில், ராத்திரி எழுந்தேனா, மாடி ஏறும்போது நின்றேனா என்று இரண்டு வார்த்தை. மருத்துவர் எடையைவிட அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் முதலில் படிக்கிறார். இப்போதைய எடை 48. பழைய 52 திரும்பவில்லை. கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுகிறேன், அது போதும்.

உங்களில் யாருக்காவது ஆறு மாதத்தில், நீங்களாக முயலாமல், எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ, அதைக் கேஸ் ட்ரபுள் என்று விட்டுவிடாதீர்கள். குடல் எரிச்சல் நோய், அதாவது ஐ.பி.எஸ்., தன்னால் எடையைக் குறைப்பதில்லை. எடை குறைவதோடு ராத்திரி எழுப்பும் வயிற்றுப்போக்கோ, மலத்தில் ரத்தமோ, காய்ச்சலோ, ரத்தசோகையோ இருந்தால் உடனே குடல் இரைப்பை மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய், குடல் அழற்சி, புற்றுநோய் என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பழைய சீட்டு, ரேஷன் கடையிலோ ரயில் நிலையத்திலோ பார்த்த பழைய எடை, எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். உங்கள் பி.எம்.ஐ. நார்மல் என்று அங்கே யாராவது சொன்னால், போன வருடம் எவ்வளவு இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள்.